பொருளாதார ஆய்வேட்டுக்கு எந்த நூலகம்? கோட்டூர்புரமா, எழும்பூரா, அடையாறா, வீட்டுக் கணினியா?

முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்பு கைக்கு வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "எந்த லைப்ரரிக்குப் போனா மெட்டீரியல் கிடைக்கும்?" சென்னையில் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் அண்ணா நூற்றாண்டு நூலகம். செமஸ்டர் தேர்வுக்குப் படிப்பவருக்கு அது சரியான பதில். ஆய்வேடு எழுதுபவருக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே போய் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு, "ஒண்ணும் கிடைக்கல சார்" என்று திரும்பி, தலைப்பையே மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நல்ல தலைப்புகள் இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மெட்டீரியல் என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்குள் பாடநூல், ஆய்விதழ்க் கட்டுரை, புள்ளிவிவரம், பழைய அரசு அறிக்கை எல்லாம் அடங்கிவிடுகின்றன. பொருளாதாரத்தில் இவை ஒரே கூரையின்கீழ் இருப்பதில்லை. ஆகவே நூலகங்களைப் பொதுவாக ஒப்பிடுவதைவிட, ஒரே ஒரு ஆய்வுக் கேள்வியை எடுத்துக்கொண்டு எந்த இடம் எதைக் கொடுக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். நான் எடுத்துக்கொள்வது இது: விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு கிராமம் நூறாண்டில் எப்படி மாறியது?

கில்பர்ட் சிலேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரித்து, மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து வரச் செய்தார். 1918-இல் அது நூலாக வந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் என நம் ஊர்கள் ஐந்து அதில் இருக்கின்றன. 1930-களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் வெளியிட்டார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் மறு ஆய்வுக்கு வந்தார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். அதன்பின் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 1916 முதல் 2008 வரையிலான மாற்றத்தை நிலம், உழைப்பு, சாதி அரசியல் என்று பிரித்து 2010-இல் எழுதினார்கள். ஒரே ஊரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக் காலப் பதிவு. உலகத்தில் மிகச் சில கிராமங்களுக்கே வாய்த்த பேறு இது. நம் மாணவர் ஒருவர் இதில் கைவைக்க நினைத்தால் எங்கே போவது?

கோட்டூர்புரத்திலிருந்தே தொடங்குவோம். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்களோடு நிற்கிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் தடித்த பாடநூல்களை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், கணிதம் சார்ந்த பொருளியல் எல்லாவற்றுக்கும் அடிப்படை நூல்கள் இருக்கின்றன. யாருடைய சிபாரிசும் வேண்டாம், உள்ளே போய் உட்காரலாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப்பிரிவு உண்டு. ஒண்டுக்குடித்தன வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு, பயமில்லாமல் நாள் முழுக்க உட்கார ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. 2023 ஜூலை 15-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் தென் மாவட்டத்தாருக்கு இதே வசதியைத் தந்திருக்கிறது.

ஆனால் இருவேல்பட்டு என்று வரும்போது இவ்வளவு பெரிய கட்டடத்தின் அளவே ஒரு சிக்கலாகிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்க நூலகங்கள் பரவலாகப் பின்பற்றும் டியூயி பகுப்பு முறையில் பொருளாதாரம் 330. நிலம் 333, தொழிலாளர் 331, வேளாண் உற்பத்தி 338.1, இந்தியப் பொருளாதார நிலை 330.954. கிராமச் சமூகமோ 307.72, அதாவது சமூகவியல் பக்கம். வேளாண்மை ஒரு தொழில்நுட்பமாக 630-இல் போய் உட்கார்ந்திருக்கும். கிராம ஆய்வு நூல் ஒன்றை இதில் எந்த எண்ணிலும் வைக்கலாம். எதில் வைத்தாலும் தப்பில்லை. சின்ன நூலகத்தில் இவை அடுத்தடுத்த அடுக்குகளாக இருக்கும். பெரிய நூலகத்தில் வெவ்வேறு தளங்களாகிவிடும். 330 அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவருக்குத் தேடியதில் பாதி கண்ணில்கூடப் பட்டிருக்காது. அங்கே போகிறவர்கள் முதலில் கணினிப் பட்டியலில் தேடி, நூல் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பு எண்களை எழுதிக்கொண்டு, பிறகு தளம் தளமாகப் போக வேண்டும்.

தேடும்போது எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். சிலேட்டரின் நூலில் இருவேல்பட்டு "எருவெல்லிப்பேட்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. இன்றைய பெயரைத் தட்டினால் அது வராது. திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் வெள்ளைக்காரர் எழுதிய வடிவங்கள் நமக்குத் தெரியும். சின்ன ஊர்களுக்குத் தெரியாது. மாவட்டத்தின் பழைய பெயர், தாலுகா பெயர், ஆசிரியர் பெயர் எனப் பல வழிகளில் தேடினால்தான் சிக்கும்.

அடுத்தது வீட்டிலேயே உட்கார்ந்து தேடுவது. இதைக் குறைவாக எடைபோடும் பேராசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1918 நூலுக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். காப்புரிமைக் காலம் முடிந்த அது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் முழுமையாக இருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய விசாரணைக் குழு அறிக்கைகள், மாவட்ட மேனுவல்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகள் பலவும் அங்கே உண்டு. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 1997-இல் தொடங்கிய ரீபெக். பொருளாதாரத்துக்கென்றே தன்னார்வலர்கள் நடத்தும் இந்தப் பட்டியலில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. தேடப் பணம் கிடையாது. ஒரு கட்டுரை பணம் கட்டச் சொல்லும் இதழில் இருந்தால், அதே கட்டுரையின் முந்தைய வடிவம், ஆய்வுத்தாளாக இலவசமாகக் கிடைக்கிறதா என்பதையும் அதுவே காட்டிவிடும். பொருளாதாரக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஜே.இ.எல். குறியீடுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. நிலவுடைமைக்கும் குத்தகைக்கும் க்யூ 15, வேளாண் கூலிச் சந்தைக்கு ஜே 43. ஒரு நல்ல கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கும் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு போனால், தலைப்பில் நம் சொல்லே இல்லாத கட்டுரையும் அகப்படும்.

இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். இதை ஓர் எச்சரிக்கையோடு சொல்கிறேன். அங்கிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டுகிற பழக்கம் பெருகிவிட்டது. அந்த ஆய்வேடுகளில் நமக்கு வேண்டியது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாம் அத்தியாயமும் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலும்தான். ஒருவர் நாலைந்து வருஷம் அலைந்து சேர்த்த நூற்பட்டியல் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து மூலங்களுக்குப் போக வேண்டும்.

கல்லூரி வழியாகக் கிடைக்கும் இணையச் சந்தாவைப் பலர் மறந்தே போகிறார்கள். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவர் உலகின் முன்னணிப் பொருளாதார இதழ்கள் பலவற்றைக் காசில்லாமல் படிக்கலாம் என்றால், பத்து வருஷத்துக்கு முன் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நூலகரிடம் போய் "எனக்கு லாகின் வேணும், வீட்டிலிருந்தும் பார்க்க முடியுமா?" என்று கேட்கிற மாணவர்கள்தான் குறைவு. சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை என்பது பெரிய குறை. தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைகளில் எத்தனை பேர் சுயநிதிக் கல்லூரிகளிலும் மாலைநேர வகுப்புகளிலும் படிக்கிறார்கள்! அவர்களுக்கு, ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் தனிக்கணக்கு தொடங்கி மாதம் நூறு கட்டுரை வரை திரையில் படிக்கும் வசதி ஒரு மாற்று வழி. நூலகங்கள் தங்களுக்குள் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் அமைப்பில் கல்லூரி உறுப்பினராக இருந்தால், வேறு ஊர் நூலகத்து நூலையும் கட்டுரை நகலையும் வரவழைக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆசிரியருக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதினாலும் பெரும்பாலோர் அனுப்பிவைப்பார்கள்.

குகனும் மென்சரும் எழுதிய 1983 கட்டுரை, ஹாரிஸ் குழுவினரின் 2010 கட்டுரை இரண்டும் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வந்தவை. நம் நாட்டுப் பொருளாதாரத்தைப் படிப்பவருக்கு இதைவிட முக்கியமான ஆய்விதழ் இல்லை. அதன் பழைய இதழ்கள் ஜேஸ்டோரில் இருக்கின்றன. ஆக, இருவேல்பட்டு பற்றிய ஐந்து ஆய்வுகளில் மூன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கைக்கு வந்துவிடும். மீதிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. மற்றவை கொல்கத்தா, மும்பை, டில்லி. ஹாஸ்வெல்லின் நூல் போல அச்சில் இல்லாத, இணையத்திலும் எளிதில் வராத 20-ஆம் நூற்றாண்டு நூல்களை நான் முதலில் இங்கேதான் தேடச் சொல்வேன். பழைய அரசு வெளியீடுகளுக்கும் இதுவே இடம். வேளாண்மை பற்றிய அரச ஆணையத்தின் 1928 அறிக்கை, 1929-30-இல் நடந்த சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் போன்றவற்றைக் கிராமக் கடனை ஆராய்கிறவர் தொட்டுப் பார்க்காமல் எழுதக் கூடாது. வட்டிக்காரரும் மிராசுதாரும் கூட்டுறவு அதிகாரியும் கொடுத்த நேரடிச் சாட்சியங்கள் அந்தத் தொகுதிகளில் உள்ளன. வேறெந்தப் பாடநூலிலும் இந்தக் குரல்களைக் கேட்க முடியாது.

இங்கே பொறுமை வேண்டும். பழைய நூல்களை நாமே அலமாரியிலிருந்து எடுக்க முடியாது. சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சில நூல்கள் தொட்டால் பொடியாகும் நிலையில் இருக்கும். நகலெடுக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். காலையிலேயே போய் மூன்று நான்கு சீட்டுகளை ஒன்றாகக் கொடுத்துவிட்டு, அவை வரும்வரை வேறு வேலை பார்ப்பது நல்லது. எழும்பூரிலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இன்னொரு படி ஆழம். வருவாய் வாரிய நடவடிக்கைகள், நிலவரித் திட்ட ஆவணங்கள் அங்கே உண்டு. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு அது பொக்கிஷம். ஆறு மாத ஆய்வேட்டுக்கு, அனுமதிக்கும் தேடலுக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி அடையாறு. காந்தி நகர் இரண்டாவது மெயின் ரோட்டில், மரங்களுக்கு நடுவே, மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எம்.ஐ.டி.எஸ். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆய்வேடு எழுதுகிறவருக்கு இந்த நகரத்தில் ஒரே ஒரு நூலகத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கன்னிமாராவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் இதன் சேகரிப்பு முழுக்க வளர்ச்சிப் பொருளாதாரத்தையும் அதைச் சுற்றியுள்ள சமூகவியல், வரலாறு, அரசியலையும் மையமாக வைத்து, ஆராய்ச்சியாளர்களின் தேவையை ஒட்டி வளர்ந்தது. குகன் இங்கேயிருந்துதான் இருவேல்பட்டுக்குப் போனார்; தூசி மறு ஆய்வும் இங்கேயிருந்துதான் நடந்தது. இதழில் வரும் கட்டுரை பத்து இருபது பக்கத்தில் அடங்கிவிடும். நிறுவனத்தின் ஆய்வுத்தாளில் அட்டவணைகள் முழுதாக இருக்கும்: எந்தச் சாதிக்கு எத்தனை ஏக்கர், எத்தனை வீட்டில் மாடு, யாருக்கு யாரிடம் கடன். ஒப்பீட்டு ஆய்வு செய்பவருக்கு அந்த அட்டவணைகள்தான் உயிர்.

சிறு நூலகத்தின் இன்னொரு பலம் அங்கிருக்கும் மனிதர்கள். பெரிய பொது நூலகத்தில் ஊழியர் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி நிறுவன நூலகருக்கு, யார் எந்த ஊரில் எந்த ஆண்டு ஆய்வு செய்தார் என்பது பழகிப்போன விஷயம். "சிலேட்டர் கிராமங்கள் பற்றி என்ன இருக்கு?" என்று கேட்டால், பட்டியலில் தட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று பெயர் சொல்லிவிடுவார். பக்கத்து மேசையில் இருக்கும் ஆய்வாளரும் நாம் என்ன தேடுகிறோம் என்று விசாரிப்பார். தயங்காமல் சொல்லுங்கள், நாலு நாள் தேடல் நாலு நிமிஷத்தில் முடியும்.

இங்கே இருக்கும் தடை நுழைவு. இது எல்லோருக்கும் திறந்த பொது நூலகம் இல்லை. துறைத்தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது மரியாதை. இந்தக் கடிதம் வாங்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் அந்தப் பக்கம் போவதில்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகமும் இதே வகைதான். சுற்றுச்சூழல் பொருளாதாரம், பொது நிதி, பொருளியல் அளவையியல் என்றால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தையும் விட்டுவிட வேண்டாம். 1940 மறு ஆய்வைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது.

புள்ளிவிவரம் தேடுபவர் முதலில் திரைக்குப் போகட்டும். ரிசர்வ் வங்கியின் தரவுத்தளம், மாநிலங்கள் பற்றிய அதன் ஆண்டுக் கையேடு, புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளம் எல்லாம் இலவசம். 2017-18 முதல் நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பையும் 2022-23, 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பையும் வீட்டு அளவில் பிரித்துப் பார்க்கும்படி பதிவிறக்கலாம். இதில் நூலகம் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. இணையதளம் திருத்திய எண்ணைத்தான் முன்னால் வைக்கிறது. அன்றைக்கு அரசு என்ன எண்ணைச் சொன்னது என்பது அச்சுத் தொகுதியில்தான் நிற்கிறது. 2015 ஜனவரியில் தேசிய வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டு 2004-05-இலிருந்து 2011-12-க்கு மாறியபோது, வளர்ச்சி விகிதங்களும் மாறின. அந்தக் காலத்துக் கொள்கை முடிவு ஒன்றை ஆராய்பவர், அப்போது நிதியமைச்சர் கையில் இருந்த எண்ணைப் பார்க்க வேண்டுமே தவிர, இன்று திருத்தப்பட்ட எண்ணை அல்ல.

மாவட்டக் கணக்கிலும் இதே சிக்கல். இருவேல்பட்டு இருந்த தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இணையத்தில் கிடைக்கும் விழுப்புரம் வரிசையை அப்படியே கோடு போட்டால், 2019-க்குப் பிறகு சாகுபடிப் பரப்பு திடீரென்று விழுந்தது போலத் தெரியும். நிலம் எங்கும் போகவில்லை, எல்லைதான் மாறியது. தாலுகா வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் பழைய பருவம்-பயிர் அறிக்கைகளும் கணக்கெடுப்புக் கையேடுகளும் இருந்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். அவற்றுக்கு மறுபடி எழும்பூரும் அடையாறும்.

தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-கள் முதல் தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரி அளவிலான பொருளாதார நூல்களைத் தமிழில் கொண்டுவந்தன. அவற்றில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. எண்கள் பழசு, ஆனால் கோட்பாட்டு விளக்கங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. ஆங்கிலப் பாடநூலைத் திறப்பதற்கு முன் அதே அத்தியாயத்தைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டால் பயம் போய்விடும்.

கையில் ஒரு மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் வாரம் முழுக்க வீடும் கல்லூரி லாகினும் போதும். நூற்பட்டியல் அங்கேயே உருவாக வேண்டும். நூற்பட்டியல் இல்லாமல் எந்த நூலகத்துக்கும் போகாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் அடையாறு. அங்கே கிடைக்காதது எது என்று தெரிந்தபின், அந்தப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு எழும்பூரில் மூன்று நான்கு நாள். மீதி நாள்களில் எழுதுவதற்கு உட்கார அமைதியான இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம்.

இந்த வரிசை சென்னையில் இருப்பவருக்கு. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மாணவர்கள் ஏன் ராத்திரி முழுக்க ரயிலில் சென்னைக்கு வர வேண்டும்? இரண்டு மணி நேரத் தூரத்தில் திருவனந்தபுரத்தில், உள்ளூர் என்ற பெயருள்ள பகுதியில், வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் வளாகம், பொருளியலாளர் கே. என். ராஜ் பெயரில் நூலகம். வளர்ச்சிப் பொருளாதாரத்தில் அது நாட்டின் சிறந்த சேகரிப்புகளில் ஒன்று. அங்கேயும் கேட்கப்போவது அதே அறிமுகக் கடிதம்தான். துறைத்தலைவரிடம் இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள். செமஸ்டர் விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்.